அச்சுக்குப் போகும் முன்: பாரிமுனையில் ஓர் அவதூறுச் சட்ட ஆலோசனைச் சேவை

பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் மாடிக்கு மாடி வழக்கறிஞர் அலுவலகங்கள் இருப்பது வடசென்னைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அவற்றுள் ஒன்று, வழக்கு வந்த பிறகு வாதாடுவதோடு நில்லாமல், கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே அதைப் படித்து, எந்த வரி அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும், எந்த வரியை நம்மால் நீதிமன்றத்தில் நிலைநிறுத்த முடியும் என்று சொல்லித் தருகிறது. பகுதி இதழ்கள், சிறு பத்திரிகைகள், இணையச் செய்தித் தளங்கள் ஆகியவைதான் அதன் வாடிக்கையாளர்கள். தண்டையார்பேட்டையிலிருந்து வெளிவரும் எங்கள் மாத இதழும் அந்தச் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறது. வழக்கறிஞர்கள் தங்கள் தொழிலை விளம்பரப்படுத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி என்பதால் அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இத்தகைய சேவையிடம் என்ன எதிர்பார்க்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை விரிவாகவே சொல்கிறேன். வேறு அலுவலகத்தை நாடுகிறவர்களுக்கும் அது பயன்படும்.

நடைமுறை எளிமையானது. பக்கங்களின் மெய்ப்பை அனுப்பிவிட்டால் மூன்று நாட்களுக்குள் அழைப்பு வரும். மாலையில், நீதிமன்ற வேலை முடிந்த பிறகு, கட்டுரையை எழுதியவரும் ஆசிரியரும் நேரில் போய் உட்கார வேண்டும். எழுதியவர் வராமல் ஆசிரியர் மட்டும் போனால் படிக்கவே மாட்டார்கள். இந்தக் கண்டிப்பு தொடக்கத்தில் தொந்தரவாகத் தெரிந்தாலும் அதன் நியாயம் விரைவிலேயே விளங்கிவிடுகிறது. செய்தி எங்கிருந்து வந்தது, யார் சொன்னார்கள், யாரிடம் கேட்கப்பட்டது என்பதெல்லாம் எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவதூறுச் சட்டத்தில் தற்காப்பு முழுவதும் அந்த விவரங்களின் மேல்தான் நிற்கிறது.

நம்மிடையே எழுதுகிறவர்கள் பலரும், ‘உண்மையைத்தானே எழுதினோம், எவன் என்ன செய்துவிட முடியும்’ என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பதை முதல் அமர்விலேயே தெளிவாக எடுத்துச் சொல்வது இந்தச் சேவையின் பெரிய பலம். சிவில் நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டால், எழுதியது சாராம்சத்தில் உண்மை என்று நிரூபிப்பதே முழுத் தற்காப்பு. அதே கட்டுரைக்காகக் குற்றவியல் புகார் கொடுத்தால் நிலைமை வேறு. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 499-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆம் பிரிவாகத் தொடரும் சட்டம், எவை அவதூறுக் குற்றம் ஆகா என்று சில விதிவிலக்குகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் முதலாவது, சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்பதோடு, அது பொது நன்மைக்காக வெளியிடப்பட வேண்டியதாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த விதிவிலக்கு கிடைக்காது. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் குடும்பத் தகராறு முழுக்க முழுக்க உண்மையாகவே இருக்கலாம். அதை அறிவதால் ஊருக்கு என்ன நன்மை என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த உண்மை குற்றவியல் வழக்கில் கைகொடுக்காது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்; புதிய சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பதே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே இந்தப் பிரிவு நம் தலைக்கு மேல் இருந்துகொண்டுதான் இருக்கும்.

அவர்கள் கட்டுரையைப் படிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் விளங்கும். எங்கள் பகுதியில் மழைநீர் வடிகால் கட்டியதைப் பற்றிய கட்டுரை ஒன்றில், ஓர் உள்ளூர் அரசியல் பிரமுகர் ‘லட்சக்கணக்கில் சுருட்டினார்’ என்ற வரி இருந்தது. அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்விகள் எழுதப்பட்டிருந்தன: யார் பார்த்தது? எந்தக் காகிதத்தில் இருக்கிறது? அந்தக் காகிதத்தில் யாருடைய கையெழுத்து? எங்களிடம் இருந்தவை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கிய ஒப்பந்த நகல், வேலை முடிந்ததாகக் காட்டிப் பணம் பெற்ற பில்லின் நகல், ஒப்பந்ததாரரின் கூட்டு நிறுவனத்தில் யார் யார் பங்குதாரர்கள் என்று காட்டும் பதிவு நகல் ஆகிய மூன்றும், நாங்களே அளவு நாடா பிடித்து எடுத்த படங்களும்தான். பிரமுகர் கையில் ஒரு ரூபாய் போனதைக் காட்டும் காகிதம் எதுவும் இல்லை. ஊரறிந்த ரகசியம் என்று சொல்லிப் பார்த்தோம். ஊர் பேசியது என்பதை நிரூபித்தால் போதாது, ஊர் பேசிய விஷயம் நடந்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்பதே பதிலாக வந்தது. ‘சொல்லப்படுகிறது’, ‘பேச்சு அடிபடுகிறது’ என்று முடிக்கும் நம் பத்திரிகை வழக்கத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த வரி போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தவை நான்கு வரிகள். ஒப்பந்த நகலில் வடிகாலின் ஆழம் 1.2 மீட்டர் என்று இருக்கிறது. தெருமுனையில் எங்கள் செய்தியாளர் அளந்த இடத்தில் ஆழம் 80 சென்டிமீட்டர். பணி ஒப்பந்தப்படி முடிந்ததாகக் கையெழுத்திட்டுத் தொகை முழுவதும் வழங்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்த நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர் பிரமுகரின் நெருங்கிய உறவினர். ஒவ்வொரு வரிக்கும் ஒரு காகிதமோ படமோ உண்டு. நாங்கள் வைத்திருந்த ‘வடிகாலில் கொள்ளை’ என்ற தலைப்பையும் எடுக்கச் சொன்னார்கள். உள்ளே எவ்வளவு கவனமாக எழுதினாலும், தலைப்பையும் படத்தையும் சேர்த்துப் பார்த்துச் சாதாரண வாசகர் என்ன புரிந்துகொள்வார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். கேள்விக்குறி போட்டாலும், குத்தலாகச் சொன்னாலும் அது குற்றச்சாட்டுத்தான். என் கணிப்பில், திருத்தப்பட்ட கட்டுரை பழையதைவிடக் கடுமையானது. வசை போய்விட்டதால் பிரமுகர் தரப்பில் மறுத்துப் பேச ஏதும் இல்லாமல் போயிற்று.

யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் தரப்பைக் கேட்டு எழுதுவதையும் இந்த அலுவலகம் விட்டுக்கொடுப்பதில்லை. கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதிலுக்கு நியாயமான கால அவகாசம் கொடுத்து, அனுப்பியதற்கான ஒப்புகையைக் கட்டுரைக் கோப்பிலேயே வைக்கச் சொல்கிறார்கள். இது மரியாதைக்கான ஏற்பாடு மட்டும் அன்று. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால் உரிய கவனமும் எச்சரிக்கையும் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். கேள்வி கேட்ட கடிதமே அந்தக் கவனத்துக்குச் சாட்சி.

இங்கே அவர்கள் எடுத்துக்காட்டும் பழைய தீர்ப்பு ஒன்று எழுதுகிற எல்லாரும் அறிய வேண்டியது. 1957-இல் பஞ்சாப் முதலமைச்சராக இருந்த பிரதாப் சிங் கைரோனின் மகன் கடத்தல்காரர்களின் தலைவர் என்று ஹர்பஜன் சிங் என்பவர் பத்திரிகைகளில் அறிக்கை வெளியிட்டு, அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டார். 1965-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்தியது. விதிவிலக்கைக் கோரும் குற்றம் சாட்டப்பட்டவர், அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று காட்டினால் போதும். அடுத்து, பொது நன்மைக்காக நல்லெண்ணத்தோடு சொன்னது என்ற ஒன்பதாவது விதிவிலக்கைக் கோருகிறவர், முதல் விதிவிலக்கில் கேட்கப்படுவது போல, ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று நிறுவ வேண்டிய கட்டாயம் இல்லை. போதிய விசாரணைக்குப் பிறகே நம்பினேன் என்று காட்ட வேண்டும். உண்மையை முழுதாக நிரூபிக்க முடியாமல் போகும் நாளில், அதைத் தேடியதற்கான தடயங்கள் காப்பாற்றும்.

இணையத்தில் படிக்கிறவர்கள் அமெரிக்கச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்வது இப்போது அதிகமாகிவிட்டது. அந்தச் சட்டம் பிறந்தது, அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகர ஆணையர் சல்லிவன், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைமீது தொடுத்த வழக்கில். 1960-இல் அந்தப் பத்திரிகையில் வெளிவந்த ஒரு விளம்பரத்தில், மார்ட்டின் லூதர் கிங் நான்கு முறை கைதானதை ஏழு முறை என்று எழுதியது, மாணவர்கள் பாடிய பாட்டை மாற்றிச் சொன்னது போன்ற பிழைகள் இருந்தன. கீழ் நீதிமன்றம் 5 லட்சம் டாலர் நஷ்ட ஈடு விதித்தது. 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பொய் என்று தெரிந்தே எழுதினார் அல்லது உண்மையா பொய்யா என்று பொருட்படுத்தாமல் எழுதினார் என்று பொது அதிகாரியே நிரூபித்தால்தான் நஷ்ட ஈடு உண்டு என்றது. 1967-இல் அதிகாரிகள் அல்லாத பொது வாழ்வினருக்கும் அந்த விதி விரிந்தது. இங்கிலாந்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு வழியில் போகிறது: உண்மை, நேர்மையான கருத்து, பொது நலன் கருதிய வெளியீடு ஆகிய மூன்றும் தனித்தனித் தற்காப்புகளாக அங்கே எழுதப்பட்டிருக்கின்றன, நிரூபிக்கும் பொறுப்பு வெளியிட்டவரிடமே இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இணையான பெரிய தீர்ப்பு நம் ஊர்ப் பத்திரிகை வாங்கித் தந்தது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது, அதில் காவல், சிறைத் துறை அதிகாரிகளோடு அவருக்கு இருந்த தொடர்புகள் எழுதப்பட்டிருந்ததால், வெளியிடக் கூடாது என்று சிறைத் துறையிலிருந்து கடிதம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பில் இந்திய இதழியலுக்கே அடித்தளம் போடப்பட்டது. அதிகாரிகள் தங்களுக்கு அவதூறு நேரும் என்று அஞ்சி வெளியீட்டுக்கு முன்கூட்டியே தடை போட முடியாது. நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதி கேட்காமலே எழுதலாம். பொது ஊழியரின் அலுவல் நடத்தையைப் பற்றி எழுதியது தவறாகவே போனாலும், உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதப்பட்டது என்று அவர் நிறுவாதவரை நஷ்ட ஈடு கேட்க முடியாது. நியாயமான அளவு சரிபார்த்த பின்பே எழுதினேன் என்று எழுதியவர் காட்டினால் போதும். தனிப்பட்ட பகையால் பொய்யை எழுதியவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் பெயரில் அவதூறுக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுக்கவே முடியாது.

இந்தத் தீர்ப்பின் எல்லைகளையும் அந்த அலுவலகம் மறைக்காமல் சொல்கிறது. அது பொது ஊழியர்களின் அலுவல் நடத்தையைப் பற்றியது. நடிகர், தொழிலதிபர், கட்சியில் செல்வாக்குள்ள ஆனால் எந்தப் பதவியிலும் இல்லாத ஆள் ஆகியோருக்கு அப்படியே பொருந்தும் என்று எண்ணி எழுதக் கூடாது. அது நஷ்ட ஈட்டு வழக்குகளைப் பற்றிப் பேசுகிறது. குற்றவியல் புகார் வந்தால் விதிவிலக்குகளைத்தான் நாட வேண்டும். குற்றவியல் பக்கத்தில் நமக்கு ஆறுதலான தீர்ப்பு, அரசு வழக்கறிஞர் மூலமாகப் பத்திரிகையாளர்கள்மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்குகளை 2020 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் ரத்து செய்தது.

வடசென்னைக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. வெளியூர் ஊடகங்கள் முதல் நம் பகுதி இதழ்கள் வரை, ராயபுரம், வியாசர்பாடி, காசிமேடு என்று ஊர்ப் பெயரோடு ‘ரவுடி’ என்பதை ஒட்டி எழுதுவது சர்வ சாதாரணமாகிவிட்டது. இந்தச் சேவை அந்தச் சொல்லைத் தொட்டவுடன் நிறுத்துகிறது. வழக்குப் பதிவாகியிருக்கிறதா, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, தண்டனை உண்டா, மேல்முறையீட்டில் விடுதலையா என்று கேட்டு, எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையை மட்டும் எழுதச் சொல்கிறது. தேர்தலில் நின்றவராக இருந்தால் வேட்புமனுவோடு அவரே தாக்கல் செய்த படிவம் 26-ஐ எடுக்கச் சொல்கிறார்கள். வேட்பாளரின் குற்றவியல் வழக்குகளும் சொத்துகளும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட்டதால் கிடைத்த ஆவணம் அது. பிரமுகரே சத்தியம் செய்து கொடுத்த தகவலை எழுதினால் அது பொய் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? என்னைக் கேட்டால், பகுதி இதழ் நடத்தும் ஒவ்வொருவரும் தங்கள் தொகுதி வேட்பாளர்களின் படிவங்களை இறக்கிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். பதவி எதையும் வகிக்காத, வழக்கில் விடுதலையான ஓர் இளைஞரை வாழ்நாள் முழுக்க ஒரு பட்டப்பெயரால் எழுதி வேலை கிடைக்காமல் செய்வதை இதழியல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அளவுக்கு அவதூறுச் சட்டம் நம் ஏழை மக்களையும் காக்கிறது.

இனிக் குறைகள். கருத்துக்கும் தகவலுக்கும் வேறுபாடு பார்ப்பதில் இவர்கள் தேவைக்கு மேல் அஞ்சுகிறார்கள். பொது ஊழியரின் நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம் என்பது இரண்டாவது விதிவிலக்கு. பொதுப் பிரச்சினையில் எவருடைய நடத்தையைப் பற்றியும் கருத்துச் சொல்லலாம் என்பது மூன்றாவது. அடிப்படைத் தகவல்கள் கட்டுரையில் சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கும்போது, ‘இது வெட்கக்கேடான நிர்வாகம்’ என்று எங்கள் தலையங்கம் சொன்னதை வெட்டச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. வாதாடினால் கேட்கிறார்கள், அந்த வரியையும் விட்டுவைத்தார்கள் என்றாலும், வாதாடத் தெரியாத புதிய ஆசிரியர் ஒருவர் தன் இதழின் குரலையே இழந்து திரும்பக்கூடும். கார்ட்டூன்களைப் பொறுத்தவரை இந்த அச்சம் இன்னும் அதிகம்.

ஆலோசனை எழுத்தில் வருவதில்லை என்பது அடுத்த குறை. பென்சில் குறிப்புகளோடு மெய்ப்பைத் திருப்பித் தருகிறார்கள். முறையான கருத்துரையாகக் கேட்டால் தனிக் கட்டணம். பின்னாளில் கவனத்தோடு செயல்பட்டோம் என்று காட்ட எழுத்து மூலமான ஆலோசனை ஒரு சான்றாகப் பயன்படும் என்பதால், அதை அடிப்படைச் சேவையிலேயே சேர்த்திருக்க வேண்டும். காணொளிகளுக்கு இந்த அலுவலகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேசும் வசனத்தை எழுதிக் கொடுத்தால் படிக்கிறார்களே தவிர, காணொளியின் முகப்பில் வைக்கும் சிறுபடத்தையும் (தம்ப்நெயில்) அதன்மேல் போடும் எழுத்தையும் யாரும் பார்ப்பதில்லை, வழக்குக்கு வழி செய்பவை பெரும்பாலும் அவைதாம். படியேற முடியாதவர்களுக்கு இரண்டாவது மாடி என்பதும் ஒரு தடை, லிஃப்ட் இல்லை.

16 பக்க இதழ் ஒன்றுக்கு எங்களிடம் 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். விளம்பரதாரர்கள் தையற்கடையும் மளிகைக்கடையுமாக இருக்கும் இதழுக்கு இது சிறிய தொகை அன்று. ஆயினும் ஒரு வக்கீல் நோட்டீசுக்குப் பதில் அனுப்பவே அதைவிட அதிகம் ஆகும். குற்றவியல் புகார் வந்துவிட்டால் ஆசிரியரும் அச்சிட்டவரும் ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிவரும். அச்சக உரிமையாளரும் சட்டத்தின் முன் பொறுப்பாளி என்பதால், இந்தச் சேவையைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு எங்கள் அச்சகத்தார் தயக்கமின்றிப் பக்கங்களை ஏற்றுக்கொள்கிறார் என்பதையும் வரவில் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று இதழ்கள் சேர்ந்து மாதக் கட்டணமாகப் பேசினால் தொகை குறைகிறது. கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் இதழ் நடத்துகிறவர்கள் அப்படிச் சேர்ந்து வருவது நல்லது.

போகிறவர்கள் ஆவணங்களின் நகலோடு மூலத்தையும் கொண்டு செல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கும் நகல்களைச் சான்றொப்பத்தோடு கேட்டு வாங்குங்கள். போனில் எடுத்த படம், பதிவு செய்த உரையாடல் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாமல், எடுத்த போனிலேயே வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்கு, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு ஒரு சான்றிதழைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் படிவத்தை இந்த அலுவலகத்திலேயே நிரப்பித் தருகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நஷ்ட ஈட்டு வழக்குக்குக் காலவரம்பு வெளியீட்டிலிருந்து ஓராண்டு, குற்றவியல் புகாருக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. ஆகையால் கட்டுரைக் கோப்பை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள். நாங்கள் ஒவ்வோர் இதழுக்கும் ஒரு கோப்பு என்று வைத்து, கேள்விக் கடிதம், ஒப்புகை, அளவெடுத்த தேதி, உடன் இருந்தவர்களின் விவரம் ஆகியவற்றை அதே வரிசையில் சேர்த்து வருகிறோம்.